எண் இறங்கியது, இறப்பு கூடியது: அக்கார்ட் ஆய்வில் நடந்தது என்ன?

2008 பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் செலவில் நடந்துவந்த அக்கார்ட் என்ற மாபெரும் சர்க்கரை நோய் ஆய்வின் ஒரு பிரிவை, குறித்த காலத்துக்கு 17 மாதம் முன்பே நிறுத்துவதாகச் சொன்னது. நிறுத்தப்பட்டது, சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவு. அதில் 257 பேர் இறந்திருந்தார்கள். ஓரளவுக்கு மட்டும் கட்டுப்படுத்திய மற்றொரு பிரிவில் இறந்தவர்கள் 203 பேர். இரண்டிலும் தலா ஐயாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடுமையான பிரிவினரின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் அளவு) நடுமதிப்பு 6.4 சதவீதம். மற்றவர்களுடையது 7.5. இரண்டு ரிப்போர்ட்டையும் எந்த டாக்டரிடம் நீட்டியிருந்தாலும் 6.4 வைத்திருப்பவரைத்தான் முதுகில் தட்டி அனுப்பியிருப்பார்.

இந்த முரண் எப்படி வந்தது, பிறகு அதை எப்படியெல்லாம் அலசினார்கள், நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வாசிக்க அது எந்த வகையில் உதவும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

இந்த எண்ணின் மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை

நம்மூரில் ‘மூணு மாச சுகர்’ என்று சொல்கிறோமே, அதுதான் எச்பிஏ1சி. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதலாக ஒட்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால், ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் தெஹ்ரானில் கண்டுபிடித்தவர் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர். கட்டுப்பாட்டை அளக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 1976இல் நியூயார்க்கில் கோனிக், செராமி ஆகியோர் காட்டினார்கள். அதன்பின் வந்த இரண்டு ஆய்வுகள் இந்த எண்ணை அரியணையில் ஏற்றின. முதலாவது, 1993இல் முடிவு வெளியான டிசிசிடி. முதல் வகை (டைப் 1) நோயாளிகள் 1,441 பேரில், எச்பிஏ1சியை 9 அளவிலிருந்து 7 அளவுக்குக் கொண்டுவந்தபோது விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. இரண்டாவது, 1998இல் வெளியான பிரிட்டனின் யூகேபிடிஎஸ். அதில் இரண்டாம் வகை (டைப் 2) நோயாளிகளிடம் 7.9க்கும் 7.0க்கும் இருந்த வித்தியாசமே கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது.

இதயத்தில்தான் ஒரு சிக்கல் இருந்தது. யூகேபிடிஎஸ்ஸில் மாரடைப்பு 16 சதவீதம் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டத் தவறியது. அந்த எல்லை 0.05, கிடைத்ததோ 0.052. இரண்டாம் வகை நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதய நோய்தான் என்பதால் இந்தக் கேள்வியை அப்படியே தொங்கவிட முடியாது. இன்னும் கீழே, சர்க்கரை நோயே இல்லாதவர்களின் அளவுக்குக் கொண்டுபோனால் இதயம் பிழைக்குமா? அக்கார்ட் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்து.

ஆய்வின் அமைப்பு

2001இல் சிறிய அளவில் தொடங்கி, 2003 முதல் முழுவீச்சில் ஆள் சேர்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 77 மையங்கள், மொத்தம் 10,251 பேர். சராசரி வயது 62. நோய் வந்து பத்தாண்டு ஆனவர்கள். மூன்றில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வேறு இதயப் பிரச்சினையோ ஏற்கெனவே வந்திருந்தது. மற்றவர்களுக்கும் வரக்கூடிய வாய்ப்பு அதிகம். சேரும்போது எச்பிஏ1சி நடுமதிப்பு 8.1. இவர்கள் நேற்றுச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட நாற்பது வயதுக்காரர்கள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மொத்தக் கதையும் பின்னால் இங்கேதான் வந்து நிற்கும்.

குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். கடுமையான பிரிவுக்கு இலக்கு 6.0க்குக் கீழ். சாதாரணப் பிரிவுக்கு 7.0 முதல் 7.9 வரை. ரத்த அழுத்தச் சிகிச்சையையும் கொழுப்புச் சிகிச்சையையும் சோதிக்க எல்லோரையும் இன்னொரு முறை பிரித்தார்கள். ஒரே கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கும் சிக்கனமான திட்டம்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஆய்வின் வழிநடத்தும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் ஃப்ரீடுவால்ட். உங்கள் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் எல்டிஎல், அதாவது ‘கெட்ட கொழுப்பு’, என்று அச்சாகும் எண்ணைப் பெரும்பாலான லேப்கள் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருந்துவரும் அந்தச் சூத்திரத்தை 1972இல் லெவி, ஃப்ரெட்ரிக்சன் ஆகியோருடன் சேர்ந்து தந்தவர் இதே ஃப்ரீடுவால்ட்தான். ரத்தப் பரிசோதனை எண்களின் அருமையும் குறையும் அவரைவிடத் தெரிந்தவர் அரிது.

கடுமையான பிரிவில் நடந்தது உண்மையிலேயே கடுமைதான். முதல் நான்கு மாதம் மாதந்தோறும், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்தார்கள். இடையில் தொலைபேசியிலும் பேசினார்கள். எச்பிஏ1சி 6.0ஐத் தொட்டாலும் மருந்து கூடும். வீட்டில் விரலில் குத்திப் பார்த்த அளவுகளில் பாதிக்கு மேல், சாப்பாட்டுக்கு முன் 100ஐயோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 140ஐயோ தாண்டினாலும் கூடும். இந்தப் பிரிவில் 77 சதவீதம் பேர் இன்சுலின் போட்டார்கள், 91 சதவீதம் பேர் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தார்கள். மாத்திரை இரண்டு மூன்று, அதற்கு மேல் ஊசி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

எண் சொன்னபடி கேட்டது. நான்கே மாதத்தில் 8.1லிருந்து 6.7க்கு வந்தது. ஓராண்டில் 6.4.

மூன்றரை ஆண்டுக்குப் பின்

சராசரியாக மூன்றரை ஆண்டு கண்காணித்தபோது கிடைத்த முழு விவரம் 2008 ஜூனில் வெளிவந்தது. உயிர்போகாத மாரடைப்பு கடுமையான பிரிவில் குறைவுதான்: 3.6 சதவீதம், எதிர்ப்பக்கத்தில் 4.6. ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் 135 பேர், எதிர்ப்பக்கத்தில் 94. எந்தக் காரணத்தாலும் நேர்ந்த இறப்பு 22 சதவீதம் கூடுதல். மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றையும் சேர்த்த முதன்மைக் கணக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை.

22 சதவீதம் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் சாதாரணப் பிரிவில் சுமார் 11 பேரும் கடுமையான பிரிவில் சுமார் 14 பேரும் இறந்தார்கள். அந்த மூன்று பேர்தான் வித்தியாசம். ஆனாலும் நன்மைக்கு என்று செய்த காரியத்தில் மூன்று பேர் கூடுதலாக இறப்பதைப் பார்த்துக்கொண்டு எந்தக் கண்காணிப்புக் குழுவும் சும்மா இருக்காது.

செய்தி பரவிய விதம் வேறு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் ஆபத்து, விட்டுவிடுவதே மேல் என்று இதைத் திரித்துச் சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. சாதாரணப் பிரிவிலும் 8.1லிருந்து 7.5க்குக் குறைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்சுலின் போட்டார்கள். ஒப்பிட்டது நல்ல கட்டுப்பாட்டையும் அதைவிட இறுக்கமான கட்டுப்பாட்டையும்தான். மருந்தே வேண்டாம் என்று இருந்தவர்கள் இந்த ஆய்வின் எந்தப் பிரிவிலும் இல்லை.

யார் மேல் பழி

முதல் சந்தேகம் தாழ்சர்க்கரை மேல் விழுந்தது. ‘சுகர் லோ ஆயிடுச்சு’ என்று மருத்துவ உதவி தேடும் அளவுக்குப் போனவர்கள் கடுமையான பிரிவில் 10.5 சதவீதம், மற்றதில் 3.5 சதவீதம். மூன்று மடங்கு. கேட்டவுடன் வழக்கு முடிந்தது போலத்தான் தோன்றும். சர்க்கரை சட்டென்று தாழும்போது அட்ரினலின் பாய்கிறது, இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைகிறது, ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம் நின்றுபோகலாம். ஆனால் 2010இல் தரவுகளை நுணுகிப் பார்த்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. கடும் தாழ்சர்க்கரை வந்தவர்கள் இரண்டு பிரிவிலுமே கூடுதலாக இறந்திருந்தார்கள். இரு பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியை அது விளக்கவில்லை.

அடுத்தது ரோசிகிளிட்டசோன். 2007 மே மாதம்தான், அந்த மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற ஆய்வுக் கட்டுரை வெளியாகிப் பெரிய சர்ச்சை எழுந்திருந்தது. அக்கார்டின் கடுமையான பிரிவிலோ பத்தில் ஒன்பது பேர் அதை எடுத்தவர்கள். ஆனால் தேடிப் பார்த்தும் தனியாக எந்த ஒரு மருந்தின் மேலும் பழியை நிறுத்த முடியவில்லை. உடல் எடையும் கூண்டில் ஏறியது. கடுமையான பிரிவில் 28 சதவீதம் பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது, மற்றதில் 14 சதவீதம். அதுவும் முழு விடை தரவில்லை.

சர்க்கரையை மிக வேகமாக இறக்கியதுதான் கொன்றதோ? இது பலரும் நம்பிய விளக்கம். இதையும் 2010இல் சோதித்தார்கள், வந்த விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. கடுமையான பிரிவில் எச்பிஏ1சி சீக்கிரம் இறங்கி 7க்குக் கீழே நின்றவர்களிடம் கூடுதல் இறப்பு இல்லை. எவ்வளவு மருந்து கொடுத்தும் எண் இறங்காமல் 7க்கு மேலேயே நின்றவர்களிடம்தான் இறப்பு குவிந்திருந்தது. அதாவது 6.4 என்ற எண் யாரையும் கொல்லவில்லை. இறங்க மறுத்த உடலை இறக்கியே தீருவது என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போனதில்தான் ஏதோ இருந்தது.

அது என்ன என்பதற்கு 2015இல் ஒரு துப்பு கிடைத்தது. எனக்கு இந்த வழக்கிலேயே முக்கியமான பகுதி இது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே அளவில் இருக்கும் இரண்டு பேருக்கு எச்பிஏ1சி ஒரே மாதிரி வர வேண்டும் என்று நினைக்கிறோம். வருவதில்லை. சிலருக்கு எதிர்பார்த்ததைவிட எப்போதும் கூடுதலாகவே ஒட்டுகிறது, சிலருக்குக் குறைவாக. இந்த வித்தியாசத்தை வைத்து அக்கார்ட் நோயாளிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். குறைவாகவோ நடுத்தரமாகவோ ஒட்டுபவர்களுக்குக் கடுமையான சிகிச்சை இதய நோயைக் குறைத்திருந்தது. கூடுதலாக ஒட்டுபவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. இறப்பு கூடியிருந்தது, தாழ்சர்க்கரையும் அதிகம் வந்திருந்தது. இவர்களுடைய உண்மையான சர்க்கரை அவ்வளவு மோசமாக இல்லாதபோதே எச்பிஏ1சி உயரமாகக் காட்டியிருக்கலாம். அந்த எண்ணைத் துரத்திய டாக்டர் மருந்தைக் கூட்டியிருப்பார். இது பின்னோக்கிச் செய்த பகுப்பாய்வு என்பதால் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரே இலக்கை எல்லோருக்கும் பொருத்துவதில் உள்ள அபாயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு தரவை நான் பார்த்ததில்லை.

அதே 2008இல் வெளியான அட்வான்ஸ் என்ற ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 20 நாடுகளில், இந்தியாவும் உட்பட, 11,140 பேர். கிளிக்லசைடு மாத்திரையை அடிப்படையாக வைத்து 6.5 வரை மெதுவாக இறக்கினார்கள், எதிர்ப்பக்கம் 7.3. இறப்பு கூடவில்லை. மாரடைப்பும் குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அக்கார்டிலேயே கூட, கடுமையான பிரிவினரின் விழித்திரைப் பாதிப்பு முற்றுவது நான்காண்டில் 7.3 சதவீதமாக இருந்தது, மற்றவர்களுக்கு 10.4. கண்ணுக்கு நல்லது செய்த அதே இறுக்கம் இதயத்துக்குச் செய்யவில்லை.

கொழுப்புப் பிரிவின் கதை

ரத்த அழுத்தப் பிரிவில் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுபோனதால் பக்கவாதம் குறைந்தது, மொத்தக் கணக்கில் பயன் தெளிவாகவில்லை. அதை அத்துடன் விடலாம். கொழுப்புப் பிரிவு வேறு வகையில் பாடம் சொல்கிறது.

5,518 பேருக்கு எல்டிஎல்லைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் கொடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் சேர்த்தார்கள். டிரைகிளிசரைடு இறங்கியது, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் சற்றே கூடியது. ரிப்போர்ட் அழகாகிவிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றையும் சேர்த்த கணக்கு ஆண்டுக்கு 2.2 சதவீதம், எதிர்ப்பக்கம் 2.4. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. டிரைகிளிசரைடு 204க்கு மேலும் எச்டிஎல் 34க்குக் கீழும் இருந்தவர்களிடம் மட்டும் நன்மை இருப்பது போல ஒரு சாயல் தெரிந்தது. பல ஆண்டுகள் அந்தச் சாயலை நம்பி மருந்து எழுதினார்கள். 2022இல் பிராமினென்ட் என்ற ஆய்வு, அதே வகையான சர்க்கரை நோயாளிகள் பத்தாயிரம் பேருக்கு மேல் எடுத்து, அதே வகை மருந்தான பெமாஃபைப்ரேட் கொடுத்துப் பார்த்தது. டிரைகிளிசரைடு கால்பங்கு குறைந்தது. மாரடைப்பு குறையவில்லை. கொழுப்பைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி அளவோ கொஞ்சம் கூடியிருந்தது. நாம் பார்த்துச் சந்தோஷப்பட்ட எண் ஒன்று, குழாய்ச் சுவரில் போய்ப் படிவதைக் காட்டும் எண் இன்னொன்று.

பிறகு மாறியவை

2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதிய சர்க்கரை மருந்து எதுவும் எச்பிஏ1சியைக் குறைப்பதைக் காட்டினால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கேடு செய்யாது என்பதையும் காட்ட வேண்டும் என்றது. கேட்டைத் தேடிப் போன ஆய்வுகளில் நன்மை கிடைத்தது இதன் வேடிக்கை. 2015இல் வெளியான, எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தின் ஆய்வில் 7,020 பேர், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள். இதய இறப்பு 5.9 சதவீதத்திலிருந்து 3.7ஆகக் குறைந்தது. இரு பிரிவுக்கும் இடையே எச்பிஏ1சி வித்தியாசமோ சுமார் அரைச் சதவீதப் புள்ளிதான். எண் எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எந்த மருந்து இறக்கியது என்பது பெரிதாகிவிட்டது.

அக்கார்ட் நோயாளிகளையும் விட்டுவிடவில்லை. ஏறக்குறைய ஒன்பதாண்டு தொடர்ந்து பார்த்ததில் மொத்த இறப்பில் வித்தியாசம் மறைந்துவிட்டது. இதய இறப்பு மட்டும் கடுமையான பிரிவில் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவே நின்றது.

நம் ரிப்போர்ட்டில்

மாஸ்டர் செக்கப் தாளில் இதை எப்படிப் பொருத்துவது? கொழுப்பிலிருந்து தொடங்குகிறேன். சர்க்கரை உள்ள ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 280 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீடுவால்ட் கணக்குப்படி 190இல் 34ஐயும், 280இல் ஐந்தில் ஒரு பங்கான 56ஐயும் கழித்தால் எல்டிஎல் 100. பார்ப்பவர் பரவாயில்லை என்பார். ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 156. எல்டிஎல் இலக்கு 100 என்றால் இந்த எண் 130க்குள் இருக்க வேண்டும். நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் வகை இது: எல்டிஎல் சுமார், டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு. இந்தக் கழித்தலுக்குக் கூடுதல் காசும் இல்லை, வெறும் வயிறும் வேண்டியதில்லை. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் கணக்குப் போட்ட எல்டிஎல்லை நம்பவே கூடாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் அபோ-பி பார்ப்பது இன்னும் நல்லது.

எச்பிஏ1சியில் நம் ஊருக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது: ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் பழையதாகிக்கொண்டே சுற்றுவதால் சர்க்கரை ஒட்ட நேரம் கூடுகிறது, எண் உண்மைக்கு மேலே காட்டுகிறது. ரத்தம் ஏற்றியவர்களுக்கும் சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கும் கீழே காட்டும். அதனால் வீட்டுக் குளுக்கோமீட்டர் ஒன்று சொல்ல, எச்பிஏ1சி வேறொன்று சொன்னால் மருந்தை மாற்றும் முன் ஹீமோகுளோபினையும் உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லலாம். எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை வரும். 7 என்றால் சுமார் 154. மீட்டர் காட்டும் அளவுகள் இதிலிருந்து வெகுதூரம் விலகினால் இரண்டில் ஒன்று தவறாக இருக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒரு தாளைப் பார்த்து. எழுபத்தைந்து வயது, ஸ்டென்ட் வைத்த இதயம், கிளிமிபிரைடு மாத்திரையும் இரவு இன்சுலினும், எச்பிஏ1சி 6.1. லேப் அதற்கு நட்சத்திரக் குறி எதுவும் போடாது. வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். இன்றைய வழிகாட்டுதல்கள் இப்படிப் பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு 8க்குள் இருந்தாலே போதும் என்கின்றன. தாழ்சர்க்கரையை உண்டாக்கும் மருந்துகளோடு 6.1 என்றால் விடியற்காலையில் வியர்த்து எழுகிறாரா, தடுமாறுகிறாரா, சாப்பாடு தள்ளிப்போனால் பேச்சு குழறுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், கிளிமிபிரைடையோ இன்சுலின் யூனிட்டையோ குறைக்கலாமா, இதயத்துக்கும் உதவும் வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம்.